காத்திருந்த மணிகளுக்குக் கணக்கு வேண்டும்: விமானப் பயணியர் சங்கத்தின் கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர்,
வெளிநாட்டில் வேலை பார்ப்போரும் அவர்கள் குடும்பத்தாரும் சேர்ந்த பயணியர் சங்கம்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
தலைமை இயக்குநர் அவர்கள்,
சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்,
புது தில்லி.

நகல்: ஆணையர், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, சென்னை.

பொருள்: விமானத் தாமதத்துக்கு இழப்பீடு பெறுவதில் உள்ள தடைகள் – நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் இயக்குநரகம் 2010 ஆகஸ்ட் 6 அன்று வெளியிட்ட விதிமுறை, பிரிவு 3, வரிசை எம், பகுதி 4, அதன் பிந்தைய திருத்தங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பெரம்பலூர், புதுக்கோட்டை, அறந்தாங்கி, தஞ்சாவூர், காரைக்கால் எனச் சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்துத் திருச்சிக்கு வந்து விமானம் ஏறுகிறவர்கள் எங்கள் உறுப்பினர்கள். துபாய், ஷார்ஜா, மஸ்கட், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று போகும் இடம் மாறும். போகும் காரணம் பெரும்பாலும் வேலைதான். 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் விசாலமாக இருக்கிறது. அதில் எத்தனை மணி நேரம் உட்கார நேர்ந்தாலும் அந்த நேரத்துக்கு யாரும் கணக்குச் சொல்வதில்லை என்பதே எங்கள் குறை.

பார்வையில் கண்ட விதிமுறையை வரி வரியாகப் படித்துவிட்டே எழுதுகிறோம். விமானத்தை உரிய முன்னறிவிப்பின்றி ரத்து செய்தால் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது கிடைக்கும். இடம் உறுதியான பயணியை ஏற்ற மறுத்து, 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராவிட்டால் 20,000 ரூபாய் வரை உண்டு. தாமதத்துக்கு மட்டும் ரொக்கமாக ஒரு ரூபாய் கூட இல்லை. பறக்கும் நேரத்தைப் பொறுத்து 2 முதல் 4 மணி நேரம் கடந்தால் சாப்பாடும் சிற்றுண்டியும். உள்நாட்டு விமானமானால், 6 மணியைத் தாண்டும்போது மாற்று விமானம் அல்லது டிக்கெட் பணம். 24 மணியைத் தாண்டினால் தங்கும் அறை. அவ்வளவுதான். ரத்து என்றால் பணம், தாமதம் என்றால் பொட்டலம் என்று விதி இருக்கும்போது, எந்த நிறுவனம்தான் ரத்து என்ற சொல்லை உச்சரிக்கும்? பத்தொன்பது மணி நேரம் கழித்துப் புறப்பட்டாலும் அது தாமதம்தான்.

இரவு 8 மணிக்கும் விடிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் அறை தர வேண்டும் என்று ஒரு நல்ல விதி இருக்கிறது. ஆனால் 3.30 மணி விமானத்துக்கு வந்தவருக்கு அது பொருந்தாது. அவரும் முதல் நாள் மாலையே ஊரிலிருந்து கிளம்பியவர்தான். அந்த அரை மணி நேரத்தில் அவருக்குத் தூக்கம் தெளிந்துவிடும் என்று யார் கணக்குப் போட்டார்களோ தெரியவில்லை.

ஒரு நிகழ்வைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். சவுதி அரேபியாவின் தம்மாமில் வேலை பார்க்கும் உறுப்பினர் ஒருவர் லீவு முடிந்து அங்கே திரும்பினார். வழியில் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டும். இரண்டுக்கும் ஒரே டிக்கெட். அவர் வேலைக்குத் திரும்புவதற்கான ரீ-என்ட்ரி விசா அன்று நள்ளிரவோடு முடிகிறது. முதல் விமானம் 11 மணி நேரம் தாமதம். அதையும் ஒரேயடியாகச் சொல்லவில்லை. ‘இன்னும் ஒன்றரை மணி நேரம்’, ‘இன்னும் இரண்டு மணி நேரம்’ என்று தவணை தவணையாகச் சொன்னார்கள். முதலிலேயே 11 மணி நேரம் என்று சொல்லியிருந்தால் அவர் வேறு வழி தேடியிருப்பார். இடைவழியில் இணைப்பு விமானம் போய்விட்டது. மறுநாள் கவுன்ட்டருக்குப் போனபோது, தாமதப்படுத்திய அதே நிறுவனத்தின் ஊழியர் அவருடைய தாள்களைப் பார்த்துவிட்டு, தேதி முடிந்துவிட்டது, ஏற்ற முடியாது என்றார். முதலாளி இணையத்தில் நீட்டித்துக் கொடுத்தார். அதற்கான கட்டணத்தையும் வராத நாட்களையும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். இத்தனைக்கும் பிறகு அவர் கையில் இருந்தது போர்டிங் பாஸின் கிழிந்த துண்டு மட்டும்தான். எத்தனை மணி நேரம் தாமதம், எதனால் தாமதம் என்று எழுதிய தாள் எதுவும் அவரிடம் இல்லை.

அந்தத் தாளைத்தான் நாங்கள் முதன்மையாகக் கேட்கிறோம்.

சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 2009-இல் சேர்ந்தது; வளைகுடா நாடுகளும் சிங்கப்பூரும் மலேசியாவும் அதில் உள்ளன. அதன் 19-ஆம் பிரிவின்படி, தாமதத்தால் பயணிக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு விமான நிறுவனமே பொறுப்பு. தவிர்க்க இயன்றதையெல்லாம் செய்தோம் என்று மெய்ப்பிக்கும் சுமையும் நிறுவனத்தின் தலையில்தான். ஒப்பந்தத்தில் ஒரு பயணிக்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் பன்னாட்டு நிதியத்தின் எஸ்.டி.ஆர். கணக்கில் 6,303, ரூபாயில் 7 லட்சத்துக்கு மேல். இது உச்சவரம்புதான், எல்லோருக்கும் கிடைக்கும் தொகை அல்ல என்பது எங்களுக்குத் தெரியும். பட்ட நஷ்டத்தைக் காட்டினால்தான் கிடைக்கும். அதைக் காட்டத்தான் தாள் வேண்டும்.

ஆகவே 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு விமானத்துக்கும், குறித்த நேரம், புறப்பட்ட நேரம், காரணம் ஆகிய மூன்றையும் எழுதி முத்திரையிட்ட சான்றை, பயணி கேட்காமலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் வழங்க உத்தரவிட வேண்டுகிறோம். காரணம் என்ற இடத்தில் ‘ஆபரேஷனல் ரீசன்’ என்று எழுதுவதை ஏற்கக் கூடாது. பனிமூட்டத்தில் விமானத்தை இறக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. மழை, புயல், பாதுகாப்பு, வான்வழிக் கட்டுப்பாடு என்றால் அப்படியே எழுதட்டும், பொறுத்துக்கொள்கிறோம். இயந்திரக் கோளாறு என்றாலோ, விமானிகள் பற்றாக்குறை என்றாலோ அதையும் எழுதட்டும். பராமரிப்பில் தலைகாட்டும் கோளாறை அசாதாரணச் சூழ்நிலை என்று பொதுவாகச் சொல்லித் தப்ப முடியாது என ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்பளித்துவிட்டது. அங்கே 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு. இங்கேயும் தாமதத்துக்கு ரத்துக்கு இணையான படிநிலைத் தொகையை நிர்ணயிக்க வேண்டுகிறோம். சேருமிடத்துக்கு 6 மணி நேரம் தாமதமாகச் சேர்வதை ரத்தாகவே கொள்ளலாம்.

அடுத்தது தொலைபேசி எண் விவகாரம். பார்ப்பதற்குச் சிறியது, ஆனால் எங்கள் மக்களை அதிகம் பாதிப்பது இதுதான். முன்பதிவின்போது போதிய தொடர்பு விவரம் தராத பயணிக்கு ரத்து இழப்பீடு கிடையாது என்று விதி சொல்கிறது. எங்கள் ஊர்களில் டிக்கெட் போடுவது டிராவல்ஸ்காரர். படிவத்தில் அவர் தன் எண்ணைப் போடுகிறார். நேரம் மாறிய குறுஞ்செய்தி இரவு 11 மணிக்கு அவருடைய கடை எண்ணுக்கு வரும், கடை பூட்டியிருக்கும், பயணி வேனில் வந்துகொண்டிருப்பார். ‘தகவல் அனுப்பிவிட்டோம்’ என்று நிறுவனம் சொல்வதும் பொய்யல்ல, ‘எங்களுக்கு வரவில்லை’ என்று பயணி சொல்வதும் பொய்யல்ல. முகவர் வழியாகப் பதிவானாலும் பயணியின் சொந்த எண்ணைப் பெறாமல் டிக்கெட்டை உறுதி செய்யக் கூடாது என்றும், அது விடுபட்டதைக் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்றும் விதியைத் திருத்த வேண்டுகிறோம்.

கெடுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மான்ட்ரியல் ஒப்பந்தப்படியும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படியும் வழக்குத் தொடுக்க 2 ஆண்டுகள்தான். எங்களவர்களில் பலருக்கு லீவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான். அடுத்த லீவில் ஊர் வரும்போது கெடு முடிந்திருக்கும். தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, காணொலியில் ஆஜராகவும் கேட்கலாம் என்ற வசதிகள் சட்டத்தில் இருக்கின்றன. அவை இருப்பது வெளிநாட்டுக்குப் போகிறவருக்கோ வீட்டிலிருக்கும் அவர் மனைவிக்கோ தெரிவதில்லை. எனவே அயலகத் தமிழர் நலத்துறை, வெளிநாட்டிலிருந்தபடியே புகார் எழுதவும், குடும்பத்தாரில் ஒருவருக்கு அதிகாரம் வழங்கவும் உதவும் பிரிவு ஒன்றைத் திருச்சியில் தொடங்க வேண்டும் என ஆணையர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ரயில் 4 மணி நேரம் தாமதமாகி, பயணி விமானத்தைத் தவறவிட்ட வழக்கில், தாமதத்துக்குக் காரணம் காட்டாவிட்டால் இழப்பீடு தந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் ரயில்வேக்கே சொன்னது. அதைவிடப் பல மடங்கு கட்டணம் வாங்கும் விமானத்துக்கு அதே அளவுகோலைத்தான் கேட்கிறோம்.

இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும், விமான நிறுவனங்களின் பிரதிநிதிகளோடு திருச்சியிலேயே ஒரு கூட்டம் நடத்தவும் வேண்டுகிறோம். கூட்டத்தை வெள்ளிக்கிழமையில் வைத்தால், அன்று விடுமுறை உள்ள வளைகுடா நாடுகளில் இருக்கும் எங்கள் உறுப்பினர்களும் காணொலியில் கலந்துகொள்ள முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர்.

இணைப்பு: தாமதப்பட்ட பயணங்களின் விவரப் பட்டியல், டிக்கெட், போர்டிங் பாஸ் நகல்கள், வேன் காத்திருப்புக் கூலி ரசீதுகள், உறுப்பினர் கையொப்பங்கள்.