தோழிக்கு ஒரு நல்ல கத்தி

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி ரோட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இதே கதைதான். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று குளித்துவிட்டு ஈரத்தலையோடு கடைவீதியில் நிற்கிற கூட்டம், கை நிறைய வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பும். நேந்திரங்காய் சிப்ஸ், மிளகு, ஏலக்காய், மங்குஸ்தான், ரம்புட்டான். ஊரில் இருக்கிற தோழிக்கும் அதில் ஒரு பொட்டலம் உண்டு. வாங்கும்போது அன்போடுதான் வாங்குகிறார்கள். ஆனால் மூன்றாம் நாள் பொட்டலம் காலி.

தோழியின் வீட்டில் தினமும் புழங்குகிற மாதிரி, பத்து வருடம் கழித்தும் கொடுத்தவரை நினைக்கிற மாதிரி ஒன்று கொடுக்க வேண்டுமா? அப்படியானால் ஒரு நல்ல கத்தி கொடுக்கலாம்.

இதைச் சொன்னதும் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். "கத்தியைப் போய் யாராவது பரிசா கொடுப்பாங்களா? உறவு அறுந்துடும்!" வீட்டுப் பெரியவர்கள் கத்தியைக் கையில்கூடக் கொடுக்க மாட்டார்கள். கீழே வைத்து, எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அதில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. கூரான பொருள் கைமாறும்போதுதான் காயம் படும்.

ஆனால் அதே பெரியவர்கள்தான் மகளுக்குச் சீர் வைக்கும்போது பித்தளைக் குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் பக்கத்தில் அருவாமணையையும் வைத்தார்கள். அதுவும் கத்திதான், காலால் மிதித்துக்கொள்கிற கத்தி. ஆயுத பூஜையன்று வீட்டுக் கத்திக்கும் அருவாமணைக்கும் சந்தனம் குங்குமம் வைக்காத வீடு உண்டா? மதுரைக்குப் பக்கத்தில் அழகர்கோயில் பதினெட்டாம்படி கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுபோய்க் கொடுப்பதே அரிவாள்தான். சாமிக்குக் காணிக்கையாகலாம், மகளுக்குச் சீராகலாம் என்றால், தோழிக்குப் பரிசாவதில் என்ன குற்றம்?

இந்தப் பயம் நம் ஊரில் மட்டும் இல்லை. ஐரோப்பாவிலும் பல நாடுகளில் உண்டு. அவர்கள் அதற்கு எளிய பரிகாரம் வைத்திருக்கிறார்கள். கத்தி வாங்கிக்கொள்கிறவர் பதிலுக்கு ஒரு சில்லறைக் காசு கொடுத்துவிடுவார். இப்போது அது பரிசு இல்லை, காசு கொடுத்து வாங்கிய பொருள்! உறவும் அறாது, கத்தியும் கிடைத்துவிடும். சந்தேகப்படுகிற தோழியிடம் ஒரு ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டால் பிரச்னை தீர்ந்தது.

கத்தியை நண்பர்களுக்குக் கொடுத்து மகிழ்ந்த ஒரு பெரிய மனிதரின் கதை, தென்னிந்திய இரும்போடு சம்பந்தப்பட்டது. பழைய காலத்தில் இங்கே மண்மூசையில் இரும்பை உருக்கிச் செய்த எஃகு உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழாய்வு செய்தபோது இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. ஆங்கிலேயர்கள் இந்த எஃகை 'வூட்ஸ்' என்றார்கள். 'உருக்கு', 'உக்கு' என்ற தென்னிந்தியச் சொற்களிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பது பல அறிஞர்களின் கருத்து.

இந்த எஃகின் ரகசியம் என்ன என்று லண்டனில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்காக உலகம் கொண்டாடும் அதே ஃபாரடேதான். 1819-ல் அவர் வூட்ஸ் எஃகை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்யும் நிபுணரோடு சேர்ந்து பல உலோகங்களைக் கலந்து புதுப்புது எஃகுகளைச் செய்து பார்த்தார். அந்த எஃகில் ஒன்றைக் கொண்டு சவரக்கத்திகள் செய்து, பல வருடங்கள் தன் நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்துவந்தார். கத்தி கொடுத்ததால் நட்பு அறுந்தது என்று அவர்கள் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் கடைக்குப் போகக் கூடாது. தோழியின் சமையலறைக்குப் போக வேண்டும். அவர் எதை, எப்படி, எங்கே வைத்து நறுக்குகிறார் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அருவாமணையிலேயே கை பழகினவருக்கு எட்டு அங்குலக் கத்தி கொடுத்தால் அது பெட்டியிலேயே தூங்கும். ஆனால் அதே தோழிக்கு இப்போது மூட்டுவலி வந்து தரையில் உட்கார முடியவில்லை என்றால், ஒரு நல்ல கத்தியும் கனமான மரப்பலகையும் அவருக்குப் பெரிய உதவி. மேடையில் நின்றபடியே பழைய வேகத்தில் வேலை பார்க்கலாம். பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள், முழங்கால் மடங்க மறுக்கிறது, காய் நறுக்கவே அலுப்பாக இருக்கிறது என்று ஓட்டல் சாப்பாட்டுக்கு மாறிவிடுகிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவருக்காவது அந்தக் கத்தி மறுபடி சமைக்கிற ஆசையைக் கொடுக்கலாம்.

முதல்முறை தனியாக வீடெடுத்துத் தங்குகிற இளம்பெண்ணுக்கு ஆறு அங்குலக் கத்தி ஒன்றும், பழம் சீவ மூன்றரை அங்குலச் சின்னக் கத்தி ஒன்றும் போதும். பன்னிரண்டு கத்தி அடங்கிய 'செட்' பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் பத்து சும்மா கிடக்கும். அந்தப் பணத்துக்கு நல்லதாக ஒன்று வாங்குவதே மேல்.

அடுத்தது இரும்பு. கடையில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று எவர்சில்வர் எனப்படும் துருப்பிடிக்காத எஃகு. இதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருக்கும். அதுதான் துருவைத் தடுக்கிறது. இன்னொன்று பட்டறையில் அடிக்கிற கரி எஃகு. பட்டறைக்காரர்கள் பலர் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையை வாங்கி, உலையில் காய்ச்சி அடித்துத்தான் அருவாளும் கத்தியும் செய்கிறார்கள். அந்தப் பட்டை சும்மா இல்லை. டன் கணக்கில் பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்த எஃகு. பதம் சரியாகப் போட்டால் கூர் பிரமாதமாக நிற்கும், சாணை பிடிப்பதும் சுலபம்.

ஆனால் அதற்கு இரண்டு எதிரிகள்: ஈரமும் புளிப்பும். குற்றாலத்துச் சாரல் காற்றில், துடைக்காமல் வைத்த கரி எஃகுக் கத்தி மறுநாளே செம்பழுப்பு பூத்துவிடும். தென்காசி மாவட்டத்திலேயே இருக்கும் புளியங்குடியை எலுமிச்சைக்குப் பேர் போன ஊர் என்பார்கள். அந்த எலுமிச்சையை இந்தக் கத்தியால் நறுக்கிவிட்டு அப்படியே வைத்தால் கத்தியும் கறுக்கும், பழத்திலும் இரும்பு வாடை ஏறும். ஊறுகாய் போடுகிற தோழி, அவசரத்தில் கழுவிப் போட்டுவிட்டு ஆபீஸ் ஓடுகிற தோழி, இவர்களுக்கு எவர்சில்வர்தான் சரி. பொருளைப் பேணுவதில் சுகம் காண்கிறவர், பலாப்பழமும் கருணைக்கிழங்கும் அறுக்கிறவர் என்றால் பட்டறைக் கத்தி கொடுக்கலாம்.

ஜப்பான் கத்தி, ஜெர்மன் கத்தி என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்வார்கள். வித்தியாசம் இதுதான்: ஜப்பான் கத்தியின் எஃகு பொதுவாக அதிகக் கடினம், விளிம்பு மெலிசு. ஒரு பக்கத்துக்கு சுமார் 15 டிகிரியில் கூர் வைத்திருப்பார்கள். தக்காளியை மெல்லிய தாளாகச் சீவலாம். ஆனால் எலும்பிலோ தேங்காயிலோ பட்டால் பல் விழும். ஜெர்மன் வகையில் கூர் சுமார் 20 டிகிரி. கொஞ்சம் முரட்டுத்தனம் தாங்கும். கத்தியைத் திருப்பி அதன் முதுகால் தேங்காய் உடைக்கிற பழக்கம் உள்ள வீட்டுக்கு மெலிசான கத்தியைக் கொடுத்தால், அது வீணாவதைப் பார்த்து இரண்டு பேருக்கும் வருத்தம்.

கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. தகடு கைப்பிடியின் கடைசி வரை ஓடி, இரண்டு மூன்று ரிவிட் அடித்து இறுக்கியிருந்தால் நல்லது. பட்டறைக் கத்தி என்றால் பூண் ஆடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடிக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அதில் அழுக்கும் தண்ணீரும் சேரும். கண்ணுக்கு நேராகப் பிடித்து விளிம்பைப் பார்த்தால், கோணல் இல்லாமல் ஒரே கோடாக ஓட வேண்டும். ஒரு தாளை ஒரு கையில் பிடித்து அறுத்தால் கிழிபடாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வாங்கப்போவது தோழிக்கு என்பதால் அவருடைய கையின் அளவும் நினைவில் இருக்கட்டும். சின்னக் கை உள்ளவருக்குப் பருத்த பிடி மணிக்கட்டு வலியைத்தான் கொடுக்கும்.

பட்டறையில் சொல்லி அடித்து வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரவுடிகளைத் தேடிப் பெரிய வேட்டை நடத்தியபோது, கத்தி, அருவாள் செய்கிறவர்களையும் விற்கிறவர்களையும் கூப்பிட்டுப் பேசியது. வாங்குகிறவர் பெயர், முகவரி, போன் நம்பரை எழுதி வைக்க வேண்டும், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டும்தான் விற்க வேண்டும் என்றது. ஆகவே பட்டறைக்காரர் விவரம் கேட்டால் கோபப்பட வேண்டியதில்லை. நாலு பேர் செய்த வெட்டுக்குத்தில் பேர் கெட்டுப்போனது அவருடைய தொழில். பாளை சீவவும் வாழைத்தார் வெட்டவும் நெல் அறுக்கவும் தலைமுறை தலைமுறையாகக் கருவி அடித்துக் கொடுத்தவர், இன்று சந்தேகப் பார்வைக்கு நடுவே உலை மூட்டுகிறார். அவரிடம் போய், "என் சிநேகிதிக்குக் காய் நறுக்க ஒரு கத்தி அடிச்சுக் குடுங்க அண்ணாச்சி" என்று கேட்டால், அந்த வேலையை அவர் எவ்வளவு ஆசையாகச் செய்வார்!

ஆயுதச் சட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைக் கட்டுப்பாட்டுக்குள் வைக்கின்றன. வீடு, விவசாயம் ஆகிய உபயோகத்துக்கென்றே செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. இருந்தாலும் பரிசுக்கு எட்டு அங்குலத்துக்கு மேல் தேவையே இல்லை. விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைக்காமல், நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பஸ்ஸோ ரயிலோ, எதில் போனாலும் அட்டை உறை போட்டு, மேலே துணி சுற்றிக் கொண்டுபோவது எல்லாருக்கும் பாதுகாப்பு.

கத்தியோடு ஒரு சின்னச் சீட்டும் எழுதி வைத்தால் பரிசு முழுமையாகும். கண்ணாடியிலோ கிரானைட் மேடையிலோ வைத்து நறுக்கக் கூடாது, கூர் மடங்கிவிடும், மரப்பலகைதான் நல்லது. சிங்க்கில் பாத்திரங்களுக்கு நடுவே போடக் கூடாது. உபயோகித்ததும் கழுவி, உடனே துடைத்துவிட வேண்டும். கரி எஃகு என்றால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கலாம். பலாப்பழம் அறுக்கும் முன்பும் எண்ணெய் தடவினால் பால் ஒட்டாது.

மழுங்கிய கத்திதான் கையை வெட்டும் என்பதையும் அந்தச் சீட்டில் எழுதலாம். கூர் இல்லாத கத்தியை அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தும்போது வழுக்குகிறது. வழுக்கினால் விரல்தான். நல்ல கூர் உள்ள கத்தி தன் எடையிலேயே இறங்கும். மிக்ஸியும் கிரைண்டரும் ரிப்பேர் ஆனால் உடனே ஆளைக் கூப்பிடுகிற வீடுகளில், வருடக்கணக்காக மழுங்கிய கத்தியோடு மல்லுக்கட்டுகிற கை மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. பெரும்பாலும் அது அந்த வீட்டுப் பெண்ணின் கையாகத்தான் இருக்கிறது. வெங்காயம் நசுங்குகிறது, கண் எரிகிறது, மணிக்கட்டு வலிக்கிறது. சமையலே இப்படித்தான் என்று அவர் நினைத்துக்கொள்கிறார்.

அதனால் கத்தி கொடுக்கிறவர், கூடவே ஒரு சாணைக்கல்லையும் கொடுக்கலாம். வீட்டு உபயோகத்துக்கு ஆயிரம் நம்பர் கல் போதும். தோழிக்குச் சாணை பிடிக்க வராது என்றால், வருடம் ஒருமுறை தானே வந்து பிடித்துத் தருவதாக வாக்குக் கொடுக்கலாம். கத்திக்குக் கூர் வைக்கிற சாக்கில் இரண்டு தோழிகள் வருடத்தில் ஒருநாள் ஒரே சமையலறையில் உட்கார்ந்து பேசுவார்கள். கத்தி கொடுத்தால் உறவு அறுமா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.