ஒரு கம்பி போதும்



தாப்பா வட்டாரத்தில் நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளியில் நிகழ்ந்தது இது. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கணினிக்கூடத்தில் மயில் ஒன்றை வரைந்து அச்சிடப் பணித்தாள். மயிலோ எதிர்க்கட்டடத்து அலுவலக அச்சுப்பொறியில் வந்து விழுந்தது! அனைவரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அச்சிரிப்பு நீடிக்கவில்லை. மாணவர் கணினி அலுவலக அச்சுப்பொறியை எட்டுகிறதெனில், பெற்றோரின் வருமான விவரங்கள் அடங்கிய கோப்புகளை எட்ட எத்தனை நேரமாகும்?

காரணம் எளிது. இரு கட்டடங்களிலும் ஆளுக்கொரு சுவிட்ச். இடையே ஒரே கம்பி. எல்லாக் கணினிகளும் ஒரே பிணையத்தில் கலந்து கிடந்தன. இரண்டாவது கம்பி இழுத்து, மேலும் இரு சுவிட்சுகள் வாங்க வேண்டும் என்றார் கடைக்காரர். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பணம் திரட்ட ஆயத்தமானது. அச்செலவு தேவையற்றது என்பதே என் கருத்து.

ஒரு சுவிட்சையே பல பிணையங்களாகப் பிரிக்கும் முறைக்கு விலேன் என்று பெயர். தமிழில் மெய்நிகர் உள்ளகப் பிணையம் எனலாம். மாணவர் கணினிகளுக்கு எண் 10, அலுவலகத்திற்கு எண் 20 எனப் பிரித்தோம். இரண்டும் ஒரே கம்பியில் எவ்வாறு கலவாமல் செல்லும்? நம் பள்ளி வேனை எண்ணிப் பாருங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளும் ஒரே வேனில்தான் ஏறுகின்றனர். சீருடையைப் பார்த்து ஓட்டுநர் உரிய வாயிலில் இறக்கிவிடுகிறார். அதுபோல, இரு சுவிட்சுகளையும் இணைக்கும் போர்ட்டை 'டேக்' இடும் போர்ட்டாக அமைத்தால், புறப்படும் ஒவ்வொரு தரவுச் சட்டகத்திலும் 4 பைட் அடையாளச்சீட்டு ஒன்று சேர்க்கப்படும். விலேன் எண் அதில் இருக்கும். மறுமுனைச் சுவிட்ச் அவ்வெண்ணைப் படித்து, சீட்டை நீக்கி, உரிய கணினிக்கு அனுப்பும். கணினிக்கு இந்தச் சீட்டைப் பற்றி ஒன்றுமே தெரியவேண்டியதில்லை.

இது புதுமையுமன்று. 802.1கியூ எனும் இப்பொதுத்தரம் 1998-இல் வெளிவந்தது. எண்ணுக்கு 12 பிட்டுகள் ஒதுக்கப்பட்டிருப்பதால் 4,094 விலேன்கள் வரை அமைக்கலாம். நமக்கு வேண்டியவை இரண்டே! அமைப்புகளை மாற்றவியலாத மலிவு சுவிட்சுகளில் இது இயலாது; எங்களிடம் இருந்தவையோ இவ்வசதி கொண்டவை. வாங்கிய நாள்முதல் எவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவே.

எங்கள் பிழையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு முனையில் 10, 20 இரண்டையும் சேர்த்த நாங்கள், மறுமுனையில் 20-ஐ மறந்தோம். விளக்குகள் பச்சையாகவே எரிந்தன. அலுவலகத்திற்கோ அன்று முழுதும் இணையம் இல்லை. இரு முனைகளும் ஒத்திருக்க வேண்டும். இணையம் வழங்கும் ரௌட்டரும் இரு விலேன்களையும் அறிந்திருக்க வேண்டும். அவற்றினிடையே போக்குவரத்தை அது தடுக்கவும் வேண்டும். இல்லையேல் பிரித்ததன் பயன் போய்விடும்.

"சிறிய பள்ளிக்கு இதெல்லாம் எதற்கு?" என்பார் உளர். கம்பியும் பணமும் குறைந்த சிறிய பள்ளிக்கே இது மிகவும் வேண்டும் என்பேன். எந்தப் போர்ட் எந்த விலேன் என்பதை ஒரு தாளில் எழுதி, தலைமையாசிரியர் கோப்பில் வையுங்கள். அமைத்தவர் மாற்றலாகிப் போனாலும் அந்தத் தாள் பள்ளியிலேயே இருக்கும். அடுத்த முறை கடைக்காரர் விலைப்பட்டியலை நீட்டும்போது, முதலில் இருப்பதைத் திறந்து பார்ப்போம்.