தோல்வியும் அநீதியும்

வாலிபர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். சம்பளத்துக்கு ஆடுபவரல்லர், பந்து வாங்கும் செலவிலும் தம் பங்கைக் கொடுத்துவிட்டு ஆடுபவர். தொடர்ந்து மூன்று வாரம் ரன் ஒன்றும் எடாமல் விக்கெட்டை இழந்தாராம். நான்காம் வாரம் நன்றாக ஆடினாராம். ஐந்தாம் வாரம் சங்கத்தின் காரியதரிசி தம் உறவினர் ஒருவருக்கு இடங்கொடுக்க வேண்டி இவரைக் கோஷ்டியிலிருந்து நீக்கிவிட்டாராம். இரண்டையும் விளையாட்டு மனப்பான்மையோடு ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று பெரியவர்கள் புத்தி சொல்லுகிறார்களாம். இது சரிதானா என்று கேட்கிறார்.

முதல் விஷயத்தில் பெரியவர்கள் சொல்வது முற்றிலும் சரியே. நாமும் ஒரு காலத்தில் வக்கீல்கள் கோஷ்டி ஒன்றில் மட்டை பிடித்தவர்கள்தாம். ரன் எடுத்த தினங்களைவிட எடாத தினங்களே அதிகம் என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. வாரம் முழுவதும் காத்திருந்து, விடியற்காலையில் எழுந்து வந்து, முதற்பந்திலேயே ஸ்டம்பு சாயக் கண்டவனுக்கு மறுபடி மட்டை பிடிக்க இன்னும் ஏழு நாள் ஆகும். அவன் மரத்தடிக்குத் திரும்பி வரும் அந்த நடை மிகவும் நீண்டது. ஆனால் அங்கே வந்து சேர்ந்ததும் நடப்பதென்ன? யாரோ ஒருவர் ஸ்கோர் புத்தகத்தை அவன் கையில் கொடுக்கிறார். தன் பெயருக்கெதிரே நிற்கும் சைபரைப் பார்த்துக்கொண்டே அவன் பிறருடைய ரன்களைப் பதிவு செய்ய வேண்டும். அம்பயர் வராத தினமானால் அந்த வேலையும் அவன் தலையிலேதான் விழும். பிற்பகலில் எதிர்க்கட்சி ஆடும்போது, உச்சி வெயிலில் எல்லைக்கோட்டருகே நின்று பந்துக்கு ஓட வேண்டும். அவன் தடுக்கும் நான்கு ரன்னாலேயே அன்றைய ஜயம் கிடைத்தாலும் கிடைக்கும். துக்கிப்பதற்கு அவகாசமே இல்லை.

ராஜீய வாழ்வில் இருப்போர் இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கைக்கொண்டால் நன்றாயிருக்கும். தேர்தலில் தோற்ற மறுநாளே கட்சியை விட்டு விலகுகிறவர்களை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். தாம் அவுட்டானதும் ஆட்டமே முடிந்துவிட்டதென்று வீட்டுக்குப் போகிறவனைக் கிரிக்கெட்டில் ஒருவரும் மன்னிக்க மாட்டார்கள்.

அம்பயரின் தவறான தீர்ப்பையும் வாய்பேசாமல் ஏற்கத்தான் வேண்டும். ஏனெனில் அம்பயர் இரு கட்சியாரும் சம்மதித்து நிறுத்திய மத்தியஸ்தர். ஒரே சட்டம் இருவரையும் கட்டுகிறது. இன்று நமக்கு விரோதமாய்ப் பிழை செய்தவர் நாளை நமக்கு அநுகூலமாகவும் பிழை செய்யக்கூடும்.

காரியதரிசியின் செய்கை இந்த வகையைச் சேர்ந்ததன்று. அது தவறுமன்று, துரதிர்ஷ்டமுமன்று, பக்ஷபாதம். அதையும் புன்னகையோடு விழுங்க வேண்டுமென்று போதிப்பது விளையாட்டின் பெயரால் அடிமைத்தனத்தைப் போதிப்பதேயாகும். ஆங்கிலேயர் நமக்குக் கிரிக்கெட்டைக் கற்பித்தபோது இந்தப் போதனையையும் சேர்த்தே கற்பித்தார்கள். அவர்களுக்கு அது சௌகரியமாயிருந்தது. ஆயினும் அவர்களுடைய சட்டப் புத்தகத்திலேயே ஒரு விதி உண்டு. பந்தெறியும் கட்சியார் முறையிட்டாலன்றி அம்பயர் ஒருவனையும் அவுட் என்று தீர்க்கலாகாது. வக்கீல்களாகிய நமக்கு இது மிகவும் பிடித்த விதி.

நம் தேசத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. பல்வங்கர் பாலு தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்தவர். பூனாவில் ஐரோப்பியரின் ஜிம்கானாவில் ஆடுகளத்தைச் சீர்செய்யும் வேலைக்கு அமர்ந்து, அங்கே துரைகளின் பயிற்சிக்காகப் பந்து எறிந்தே சுழற்பந்து வித்தையில் தேர்ந்தார். ஹிந்துக்களின் கோஷ்டி அவரைச் சேர்த்துக்கொண்டது. பாலு தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டார்கள். ஆனால் தேநீர் வேளையில் பெவிலியனுக்கு வெளியே, தூக்கியெறியும் மண்குவளையில் அவருக்குத் தேநீர் கொடுத்தார்கள். 1906-ல் பம்பாயில் ஹிந்துக்கள் ஐரோப்பியரை 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்ததில் அவர் பந்துக்குப் பெரும் பங்குண்டு. 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கோஷ்டி ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் தோற்றது. பாலு மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். கோஷ்டி தோற்கிறதென்று அவர் கை தளரவில்லை.

எனினும், மத வாரியாக ஆடப்பட்ட பம்பாய்ப் பந்தயத்தில் (1946-ஆம் வருஷத்தோடு அப்பந்தயம் ஒழிந்தது க்ஷேமமே) ஹிந்துக்களின் காப்டன் பதவி ஆண்டுக்காண்டு அவருக்கு மறுக்கப்பட்டது. காரணம் ஜாதியன்றி வேறில்லை. 1920-ல் அவரைக் கோஷ்டியிலிருந்தே விலக்கினார்கள். அப்போது அவருடைய தம்பியர் விட்டலும் சிவராமும் செய்ததே நாம் இங்கு கவனிக்க வேண்டியது. இருவரும் தேர்ந்த மட்டைக்காரர்கள். தங்களுக்குக் கிடைத்த இடங்களை உதறி விலகினார்கள். விலகிய காரணத்தையும் மறைக்காமல் பகிரங்கமாக வெளியிட்டார்கள். கமிட்டியார் இறங்கி வர நேர்ந்தது. பாலு உபகாப்டனாகத் திரும்பினார். காப்டன் பதவி முழுமையாக அவருக்கு வாய்க்கவேயில்லை. 1923-ல் விட்டல் காப்டனாகி ஐரோப்பியரை ஜயித்தார். அவரை மைதானத்திலிருந்து தோளில் சுமந்து சென்றவர்களில் மேல்ஜாதியாரும் இருந்தார்கள்.

ஆகவே நம் நண்பருக்கு நாம் சொல்வது இது. மூன்று சைபர்களை மறந்துவிடுக. அடுத்த ஞாயிறன்றும் வழக்கம்போல் பயிற்சிக்குச் செல்க. ஆனால் அதற்கு முன் சங்கத்தின் கமிட்டிக்குத் தம் பெயரிட்டு ஒரு விண்ணப்பம் எழுதுக. எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால், யாருக்காக நீக்கப்பட்டோமென்பதை அதில் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுக. அவரோடு ஆடும் மற்றப் பத்துப்பேரில் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திட இரண்டு பேராவது முன்வருகிறார்களா என்பதை அறிய ஆவலாயிருக்கிறோம்.