அமுதசுரபியும் மளிகைச் சீட்டும்

தொலைக்காட்சிச் சமையற் போட்டிகளைப் பற்றி நம்மவரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. பொழுதுபோக்குத்தானே என்று இரசிப்போர் ஒருபுறம். சோற்றை விளையாட்டுப் பொருளாக்கிவிட்டார்கள் என்று முகம் சுளிப்போர் மறுபுறம். நான் முதற்கட்சிக்கே சற்று நெருக்கமானவன்; விரும்பித்தான் பார்க்கிறேன். ஆயினும் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்நிகழ்ச்சிகளில் சமையலின் முற்பாதி காணாமற் போயிருக்கிறது. அடுப்பு மூட்டுமுன் நடக்கவேண்டிய சமையல் ஒன்று உண்டு. அது கடைத்தெருவில் நடப்பது.

பிரிட்டனில் 1990இல் தோன்றிய மாஸ்டர்செஃப், ஆஸ்திரேலியாவுக்கு 2009இலும் இந்திக்கு 2010இலும் வந்தது. தமிழில் 2021இல் சன் தொலைக்காட்சியில் விஜய் சேதுபதி அதைத் தொகுத்து வழங்கினார். அதற்கு முன்பே, 2019இன் இறுதியில், விஜய் தொலைக்காட்சியின் 'குக் வித் கோமாளி' வந்துவிட்டது. ஒன்றில் பதற்றம், மற்றொன்றில் சிரிப்பு. ஆனால் இரண்டிலும் பொருள்கள் அரங்கிலேயே ஆயத்தமாக அடுக்கப்பட்டிருக்கும். கூடையை எடுத்துக்கொண்டு ஓடவேண்டியது மட்டுமே போட்டியாளர் பாடு. இந்தப் பருப்பு எந்த ஊரில் விளைந்தது, யார் பார்த்து வாங்கினார்கள், என்ன விலை என்ற கேள்விகள் எழுவதேயில்லை.

அள்ள அள்ளக் குறையாத இந்தப் பொருளறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மணிமேகலையின் அமுதசுரபி நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பாத்திரத்திற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. முதற் பிச்சையை ஆதிரை இட்ட பிறகே அது ஊர்ப்பசி தீர்த்தது. பாத்திரத்தின் அருளே போதும் என்று சாத்தனார் விட்டுவிடவில்லை. உள்ளே விழும் முதற்பிடி எவர் கையிலிருந்து வருகிறது என்று பார்த்தார். நம் அரங்குப் பொருளறைக்கு ஆதிரை யாரும் இல்லை, விளம்பரதாரர் இருக்கிறார்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையையும் இங்கே நினைக்கலாம். கண்ணகி கோவலனுக்குக் கடைசியாகச் சமைத்த உணவு அதில் வருகிறது. அவள் காய் அரிந்து விரல் சிவந்ததைச் சொல்வதற்கு முன்பே, ஆய்ச்சியர் கொண்டுவந்து கொடுத்த பொருள்களை இளங்கோவடிகள் வரிசைப்படுத்திவிடுகிறார். பலா, வெள்ளரி, மாதுளை, மா, வாழை, சாலி அரிசி, பசுவின் பயன். மாதுளையைப் பசுங்காயாகவும் மாவையும் வாழையையும் கனியாகவும் அவர் பிரித்துச் சொல்வதைக் கவனியுங்கள். எது காயாக வேண்டும், எது கனியாக வேண்டும் என்ற தெரிவு அங்கேயே நடந்துவிட்டது. உண்ணப்போகிறவன் சாவக நோன்பி என்பதும் அத்தெரிவில் அடங்கியிருக்கிறது. பொருள் தேர்வும் சமையலே என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா?

இந்தப் பகுதியை நடத்தும்போது மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம்: பிஞ்சு வெண்டைக்காயை எப்படி அறிவீர்கள்? நுனியை ஒடித்துப் பார்ப்போம் என்று இரண்டொருவர் சொல்வார்கள்; மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்த இரண்டொருவர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பது, தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்ப்பது, மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பது, பண்ருட்டிப் பலாவின் முள் விரிவைப் பார்த்துத் தட்டி ஒலி கேட்பது, பொங்கலுக்குப் புது அரிசியும் சோற்றுக்குப் பழைய அரிசியும் கேட்டு வாங்குவது - இவையெல்லாம் எந்தச் சமையற் புத்தகமும் முழுதாகச் சொல்லாத பாடங்கள். இந்த அறிவுக்கென்றே மொழியில் சொற்களும் விளைந்தன: பிஞ்சு, செங்காய், முற்றல், வெம்பல், சொத்தை, சூம்பல். இத்தனையும் இருந்த இடத்தில் சின்னத்திரையில் ஒலிப்பது ஒரே சொல்: 'ஃப்ரெஷ்'. பொருளைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் போனால், அதற்கான சொல்லும் பின்னாலேயே போய்விடும்.

விலை என்ற ஒன்றையும் அரங்கம் அறியாது. 2023 சூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க நேர்ந்தது. அந்த நாட்களில் தமிழ்நாட்டின் எத்தனையோ அடுக்களைகளில் ஒரு பெரும் போட்டி நடந்தது. தக்காளியைக் குறைத்துப் புளியைக் கூட்டியும், சாம்பாரை மோர்க்குழம்பாக மாற்றியும் வென்றவர்கள் எண்ணற்றவர். அவர்களுக்குக் கோப்பை கொடுக்க எந்த நடுவரும் வரவில்லை.

நிற்க. எல்லோருக்கும் ஒரே தரமான பொருளைக் கொடுத்தால்தானே கைத்திறனை அளக்கமுடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கடைக்குப் போவதையும் போட்டியில் சேர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய 'டாப் செஃப்' நிகழ்ச்சியில் போட்டியாளர்களிடம் குறிப்பிட்ட தொகையைக் கொடுத்து ஹோல் ஃபுட்ஸ் கடைக்கு அனுப்பினார்கள். முப்பது நிமிடத்தில் வாங்கி முடிக்கவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிகழ்ச்சியோடு தொடர்புடைய ஒரே கடை. அங்கும் தள்ளுவண்டியோடு ஓட்டம். கண்ணையும் மூக்கையும் சோதிக்கவேண்டிய இடத்தில் அதிகம் சோதிக்கப்படுவது கால்கள்தாம்.

விளம்பரதாரர் பொருளைக் கொடுத்தால் இன்னொரு சிக்கலும் வருகிறது. "உப்புக் கூடிற்று", "வேகவில்லை" என்று நடுவர்கள் சொல்லக் கேட்கிறோம். "இந்த மல்லித்தூளில் மணமே இல்லை" என்று யாரேனும் சொல்லக் கேட்டதுண்டா? தவறு எப்போதும் சமைத்தவர் கையில்தான், பொருளில் இல்லை. இதை நாள்தோறும் பார்க்கும் ஓர் இல்லத்தரசி, தன் வீட்டுச் சாம்பார் சோபிக்காதபோது தன் கையைத்தான் நொந்துகொள்வார். ஆண்டுக்கணக்கில் மூட்டையில் கிடந்த பருப்பு எத்தனை விசிலுக்கும் வேகாது என்பதும், பப்பாளி விதை கலந்த மிளகில் இரசம் காரமேறாது என்பதும் அவருக்கு யார் சொல்வார்கள்? கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துக் கேள்வி கேட்கும் துணிவும் சமையலறிவின் ஒரு பகுதியே. அந்தத் துணிவை இழப்பதைத்தான் நான் பெரிய இழப்பென்று நினைக்கிறேன்.

இந்த வகையில் 'குக் வித் கோமாளி' தன்னையறியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டது. கேட்ட பொருளுக்கு மாறாக வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கோமாளி நிற்கும்போது நாம் சிரிக்கிறோம். சோம்பு எது, சீரகம் எது என்று தெரியாத ஒரு தலைமுறை நம் வீடுகளிலேயே வளர்ந்து வருகிறது; அங்கே அது நகைச்சுவையாக இல்லை.

தரம் என்றவுடன் விலையுயர்ந்த வெளிநாட்டுப் பொருள் என்ற எண்ணத்தையும் இப்போட்டிகள் வளர்த்திருக்கின்றன. எங்கள் ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாளுக்குப் படைக்கப்படுவது கோரைக்கிழங்கு. உழவர்கள் களையென்று பிடுங்கி எறியும் கோரையின் கிழங்கு. நிலத்தை அகழ்ந்த வராகத்திற்கு நிலத்தடிக் கிழங்கு என்று பொருத்தம் பார்த்திருக்கிறார்கள். விலையைக் கேட்டால் நகைப்புக்கிடமானது. இறைவனுக்கு உகந்தது என்ற தகுதியோ வேறெந்தப் பண்டத்திற்கும் குறைந்ததன்று. ஒரு பொருளின் உயர்வை அதன் விலைச்சீட்டு தீர்மானிப்பதில்லை. எதற்கு எது பொருந்தும் என்று அறிந்தவர் தீர்மானிக்கிறார்.

எனவே தயாரிப்பாளர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. பருவத்திற்கு ஒருமுறையேனும் பொருளறையைப் பூட்டுங்கள். போட்டியாளர் கையில் 300 ரூபாயும் ஒரு துணிப்பையும் கொடுத்து, ஏதேனும் ஓர் உழவர் சந்தைக்கு அனுப்புங்கள். 1999இல் மதுரையில் தொடங்கிய அத்திட்டத்தில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். ஏமாற்றுக்கும் இடம் குறைவு. ஐந்து பேருக்கு ஒருவேளை உணவு. நேரத்தைக் கறாராக அளக்கவேண்டாம்; நின்று, தொட்டு, முகர்ந்து, பேரம் பேசட்டும். நடுவர் முதலில் பையைச் சோதிக்கட்டும். பிறகு தட்டைச் சுவைக்கட்டும். பைக்குப் பாதி மதிப்பெண், தட்டுக்குப் பாதி மதிப்பெண்.

அப்படி ஒரு சுற்று நடந்தால், நட்சத்திர விடுதிச் சமையற்காரர்கள் பலர் திணறுவார்கள். மாதக் கடைசியிலும் மளிகைச் சீட்டு எழுதிப் பழகிய பெண்கள் எளிதில் வெல்வார்கள் என்பது என் துணிபு.