கையெழுத்து வச்ச பிறகு எதுக்கு எங்கட கருத்து?

குறிஞ்சாக்கேணிக்கு வடக்கே சீனக்குடா, கிழக்கே சம்பூர். ஒன்று எண்ணெய்க்கு, மற்றது நிலக்கரிக்கு என்று பேசப்பட்ட இடங்கள். இரண்டிலயும் பேச்சுவார்த்தை நடந்தது கொழும்பிலயும் டெல்லியிலயும். எங்களுக்கு வந்தது செய்தி மட்டும்தான்.

சம்பூரை எடுங்க. 2006 சண்டையில சனம் இடம்பெயர்ந்தது. அவங்க ஊருக்குத் திரும்ப முதலே அந்த நிலம் அனல் மின்நிலையத்துக்கு என்று ஆகிட்டு. 2011இல் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்டிபிசி நிறுவனமும் 500 மெகாவாட் நிலையம் கட்ட ஒப்பந்தம் செய்தன. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் கருத்துக்கு வந்ததோ 2015இல். சாம்பலை எங்க கொட்டுறது, கடலுக்குள்ள போற சுடுதண்ணி மீனை என்ன செய்யும் என்றெல்லாம் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் கடைசியாத்தான் வந்தன. 2016 செப்டெம்பரில், இந்தத் திட்டம் நடக்காது என்று அரசாங்கமே உயர் நீதிமன்றத்தில் சொன்னது. பத்து வருஷம் சனத்தின் நிலம் முடங்கினதுதான் மிச்சம். ஒரு யூனிட் கரண்டும் வரல்ல.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய சுற்றாடல் சட்டப்படி, மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் இருக்கு. பத்திரிகையில் தமிழிலயும் அறிவித்தல் போட வேணும். ஆனா வேலை தொடங்க முதல்தான் அந்த அனுமதி கட்டாயம், குத்தகை பேச முதல் இல்ல. நிலமும் பங்கும் காசும் முடிவான பிறகு வாற கருத்துக்கு யார் திட்டத்தை மாற்றப் போறாங்க?

சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்கள் 99. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பெனிக்கு. குத்தகை 50 வருஷம். அந்த வருஷம் 20 வயசான ஒருத்தருக்கு அது முடியும்போது வயசு 70. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையோட சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்க உடன்பாடு கண்டிருக்கு. அடுத்த குத்தகை தூரத்தில இல்ல.

"வேலை வருமே, ஏன் தடுக்கிறீங்க?" என்று கேட்பாங்க. தடுக்கச் சொல்லல்ல. எங்கட பொடியனுகளுக்கு வேலை வேணும். ஆனா கொட்டியாரக் குடாவில வலை போடுறவங்கட பிழைப்பும் வேலைதான். எத்தனை வேலை வரும், எத்தனை போகும் என்ற கணக்கைக் குத்தகைக்கு முதல் காட்டுங்க. கிண்ணியாவிலயும் மூதூரிலயும் தமிழில் கூட்டம் வச்சுக் கேளுங்க. இப்ப அதிகாரிகள் விரும்பினா மட்டும் நடக்கிற பொது விசாரணை, இவ்வளவு பெரிய திட்டங்களுக்குக் கட்டாயமாக வேணும்.

எங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. அடுத்த அறிவித்தல் வரும்போது ஃபேஸ்புக்கில கோபப்பட்டுட்டு விடாம, அறிக்கையை எடுத்து வாசிச்சு, அந்த 30 நாளைக்குள்ள எழுத்தில் அனுப்புவோம். பிறகு நீதிமன்றம் போனாலும் கையில இருக்கப் போறது அந்தக் கடிதம்தான்.