துப்பாக்கி வாங்கினால் பயிர் பிழைக்குமா?

காப்புக்காட்டை ஒட்டி வேர்க்கடலை போடும் திருவள்ளூர் மாவட்டச் சிறு விவசாயிக்கு, காட்டுப்பன்றி கிண்டிய வயலைக் கண்டதும், தொலைநோக்கியோடு மலிவாகச் சிறு ரைஃபிள் ஒன்று வாங்கலாமா என்று தோன்றுவது இயல்பே. பணத்தை எடுக்குமுன் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கு முதலில் சொல்வது, குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியை. அது போதாதென்று அதிகாரி கருதினால்தான், உள்வரி இல்லாத குழல் துப்பாக்கி. ரைஃபிள் இக்கணக்கில் வராது. லைசென்ஸ் இருந்தாலும், அனுமதியின்றிப் பன்றியைச் சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம். மேலும் ரைஃபிள் குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் பாயும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருபவரை அது பார்த்துப் பாயாது.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினரே சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். 1 கிலோமீட்டருக்குள் இரண்டும் கிடையாது.

ஆனால் அதிகம் இழப்பவர் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவரே. அவருக்கு நஷ்டஈடாவது அடுத்த விதைப்புக்குள் கைக்கு வர வேண்டும். துப்பாக்கிக் கடையைத் தேடுவதைவிட, கிராமமே கூடி இதைக் கேட்பது நல்லது.