தராசு முள்ளும் தாய் மனமும்

கிராண்ட்பாஸ் ஒழுங்கைகளிலே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டிற் பிள்ளை பிறந்தால் அயலார் அனைவரும் பார்க்க வருவர். வந்த வாய் சும்மா இருப்பதில்லை. "பிள்ளை மெலிந்து போயிற்றே, தாய்ப்பால் போதாது போலும்!" என்று ஒருத்தி சொல்லிச் செல்வாள். மாலைக்குள் பால்மா ரின் வீட்டுக்கு வந்துவிடும்.

அவள் கண்டது பொய்யன்று. பிறந்த குழந்தையின் நிறை முதற் சில நாட்களிற் குறையவே செய்யும். உடலில் மிகையாயிருந்த நீரும் முதல் மலமும் கழிவதே பெரும்பாலும் காரணம். 3 கிலோவுடன் பிறந்த பிள்ளை மூன்றாம் நாள் 2.8 கிலோ நிற்கலாம். பத்துப் பதினான்கு நாட்களில் இழந்ததை மீட்டுக்கொள்ளும். பத்தில் ஒரு பங்குக்கு மேற் குறைந்தாலோ, இரு வாரம் கடந்தும் மீளாவிட்டாலோ வைத்தியரிடம் காட்டத் தாமதிக்கலாகாது. ஆனால், அயலாள் சொல்லுக்கு அஞ்சிப் பால்மாவைக் கரைப்பதில் உள்ள தீங்கைப் பலர் அறியார். புட்டியிற் குடித்து வயிறு நிறைந்த பிள்ளை தாயிடம் குறைவாகவே உறிஞ்சும். உறிஞ்சுவது குறையக் குறையச் சுரப்பும் குறையும். போதாது என்ற அந்தச் சொல் இவ்வாறுதான் மெய்யாகிவிடுகிறது!

அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏறுவது வழக்கம். பின்னர் வேகம் தணிவதும் இயல்பே. ஐந்து மாதமளவிற் பிறந்த நிறை இரட்டிக்கும். நாள்தோறும் நிறுக்க வேண்டியதில்லை. ஒருவேளைப் பாலே தராசு முள்ளை அசைத்துவிடும். முதல் வாரத்தின் பின் நாளுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கிறதா என்று பார்ப்பது நலம்.

நம் நாட்டிற் பிள்ளைதோறும் கொடுக்கப்படும் சுகாதார விருத்திப் பதிவேடு ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு. உலகச் சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்ட வளர்ச்சிக் கோடுகள், இந்தியா உட்பட ஆறு நாடுகளிலே தாய்ப்பாலில் வளர்ந்த பிள்ளைகளை அளந்து வகுத்தவை. ஆகவே புட்டிப்பாலிற் கொழுத்த அடுத்த வீட்டுப் பிள்ளை நமக்கு அளவுகோல் அன்று. சிறிதாய்ப் பிறந்த பிள்ளையின் கோடு தாழ்வாக ஓடினும், ஏறிக்கொண்டே செல்லுமாயின் அஞ்சற்க. கோடு படுத்துவிட்டாற்றான் விசாரிக்க வேண்டும்.

கண்ணூறு படுமென்று பதிவேட்டை அலுமாரியிற் பூட்டி வைப்போரும் உளர். மருத்துவமாது வரும்போது அதை எடுத்துக் கொடுங்கள். புதிய புள்ளியை முன்னைய புள்ளியோடு இணைத்துக் காட்டும்படி கேளுங்கள்.